ஒரு லிட்டர் ஆயில்

சிவப்பு டப்பா, பச்சை டப்பா, தங்க நிற டப்பா, மறுபடியும் சிவப்பு. ஸ்பேர்ஸ் கடையின் பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஆயில் டப்பாக்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. எல்லாமே கழுத்தைச் சாய்த்துத் தன்னையே பார்ப்பதுபோல் ஞானதுரைக்குத் தோன்றியது; தோன்றியதும் உதறினான். நாற்பத்தெட்டு வயது, இஞ்சினியரிங் படித்தவன், இவனை டப்பா பார்க்கிறதாம். ஒரு லிட்டர் ஆயில் வாங்க வந்திருக்கிறான், அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு எட்டுக் கடை தள்ளி இருக்கும் மெக்கானிக் சுடலைமுத்துவின் ஷெட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே தம்பி ஜெபதுரையின் பைக் நடு ஸ்டாண்டில் நிற்கிறது. அடியில் போல்ட்டைக் கழற்றித் தட்டு வைத்தாயிற்று. "கடைசிச் சொட்டு விழுறதுக்கு இருவது நிமிஷமாவது ஆகும், அதுக்குள்ள வந்துருண்ணே" என்று ஜெபதுரை சொல்லியனுப்பியிருந்தான். சுற்றிலும் ஏழெட்டுப் பேர், டீயும் கையுமாக, பந்தயம் பார்க்க. பந்தயம்தான். வியாழக்கிழமை அதே ஷெட்டின் முன்னால் ஜெபதுரை நின்று, கள்ள ஆயில ஊத்தி என்னக் கொல்லப் பாத்தியால என்று தெருவே கேட்கக் கத்தியபோது, சுடலைமுத்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னது: "நான் ஊத்துனது அசல் சரக்கு அண்ணாச்சி. ஒங்க கிளட்ச் பிளேட்டுதான் போயிருக்கும். ஒண்ணு செய்வோம். சனிக்கெழம வண்டியக் கொண்டாங்க. ஆயில நீங்களே கடையில வாங்குங்க, நான் வாங்க மாட்டேன். எல்லாரு முன்னாலயும் மாத்தி ஊத்துதேன். அப்பவும் ஸ்லிப் ஆச்சின்னா பிளேட்டு. ஆகலன்னா நான் கள்ளன். ஷெட்டப் பூட்டிட்டு எம்பொண்டாட்டி ஊருக்கே போயிருதேன்." யார் வாங்குவது என்று பேச்சு வந்தபோது ஜெபதுரை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், "எங்க அண்ணன் வாங்கட்டும். இஞ்சினியரு." அந்தச் சொல்லில் பெருமை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று ஞானதுரை இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிரியவில்லை.

"வண்டி எது அண்ணாச்சி?" கடைக்காரர் கேட்டார். கேட்டது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. ஞானதுரை வண்டியைச் சொல்லவில்லை. விரலை நீட்டித் தங்க நிற டப்பாவைக் காட்டினான், அதைக் கொடுங்க, ஃபுல்லி சிந்தெடிக், என்றான், கத்தாரில் ஸ்டோர் கீப்பரிடம் பொருள் கேட்கும் அதே குரலில், விலை தெரியாதவனுக்கு விளக்க வேண்டியதில்லை என்கிற குரலில். கடைக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. "அது காருக்கு." காருக்குப் போடுவது பைக்குக்கு இன்னும் நல்லதுதானே, விலையும் மூன்று மடங்கு, என்று இவன் சொன்னதும் அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, ஒரு நாளைக்கு நான்கு தடவை சிரித்துப் பழகிய சிரிப்பு. "காருக்கு இஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, ஆயிலும் தனித்தனி. பைக்குக்கு எல்லாமே ஒரே சட்டியிலல்லா வேகுது. கிளட்ச் பிளேட்டே ஆயிலுக்குள்ளதான் முங்கிக் கெடக்கு. கார் ஆயில் வழுவழுன்னு இருக்கதுக்குன்னே செஞ்சது, அத ஊத்துனீங்கன்னா பிளேட்டு ஒண்ண ஒண்ணு பிடிக்காது, வழுக்கும். இஞ்சின் கெடந்து அலறும், வண்டி நகராது. பத்துப் பேருல ஒருத்தரு செய்யத்தான் செய்யாவ, கார் வச்சிருக்கவங்க. மிச்சம் கெடக்கேன்னு ஊத்திருவாவ." மிச்சம் கெடக்கேன்னு. ஞானதுரையின் கை இன்னும் நீண்டே இருந்தது. அதை மடக்கிச் சட்டைப் பைக்குள் எதையோ தேடுவதுபோல் விட்டான். பையில் எதுவும் இல்லை. அப்புறம் தன் வாய் கேட்டது அவனுக்கே கேட்டது: "ஊத்திட்டா பிளேட் போயிருமா?" "போவாது. நல்ல ஆயில மாத்திட்டா பிடிக்க ஆரம்பிச்சிரும். அன்னைக்கே சரியாயிரும்."

அன்னைக்கே சரியாயிரும். எவ்வளவு நல்ல செய்தி. தம்பியின் வண்டி சரியாகிவிடும். சரியாகிவிட்டால் சுடலைமுத்து கள்ளன். போன ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஓர் ஈ காக்காய் இல்லை, எல்லாரும் கோயிலில் இருந்தார்கள். தலைவலி என்று சொல்லி இவன் வீட்டில் இருந்தான். தம்பி பைக்கின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது நுனியில் கறுப்பு. சுடலைமுத்துவிடம் சர்வீஸ் விட்டுப் பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் கறுப்பு. என்னத்தையோ ஊற்றியிருக்கிறான், ஜெபதுரைக்கு இதெல்லாம் தெரியாது, ஊரில் யாருக்குமே தெரியாது. வீட்டுக் கார் ஷெட்டில் நாலு லிட்டர் கேன், காருக்கு மூன்று போக ஒரு லிட்டர் மிச்சம், தேன் மாதிரி. துணி துவைக்கிற பேசினில் பழையதை இறக்கிப் பின்னால் சாக்கடையில் கொட்டி, இந்த மிச்சத்தை வண்டியில் ஊற்றி, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததில் ஒரு ருசி இருந்தது. திங்களோ செவ்வாயோ ஜெபதுரை சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, என்னமோ தெரியலண்ணே, வண்டி பஞ்சு மாதிரிப் போகுது, என்று சொல்வான். சொன்ன பிறகு, கொஞ்சம் பொறுத்து, அவசரமே இல்லாமல், நான்தான் ஆயில் மாத்தினேன் என்று இவன் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பான், குளிக்கும்போது, நடக்கும்போது. ஏழு மாதம் முன்னால் கத்தார் ஏசி பிளாண்ட் கம்பெனி ஆளைக் குறைத்து இவனை அனுப்பிய நாளிலிருந்து அவனுக்குத் தேவைப்பட்டது அப்படி ஒரே ஒரு வாக்கியம்தான். ஏனென்றால் வந்த மாதமே தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் பார்க்கிறேன் என்று பிரித்து மாட்டி, அது புகைந்து போய், ஜெபதுரை அதை வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்: "எங்க அண்ணன் கத்தார்ல ஒரு ஊரையே குளுர வச்சவன். வீட்டு மோட்டர மட்டும் சூடாக்கிட்டான்." தம்பி பெண்டாட்டி எஸ்தர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். மூடிக்கொள்வதுதான் மரியாதை. மூடாமல் சிரித்திருக்கலாம்.

பஞ்சு மாதிரி என்று ஜெபதுரை சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே தண்ணீர் குடிக்கப் பார்த்தான், கண்ணாடியில் செம்பு இடித்தது. மேம்பாலம் ஏறும்போது பின்னால் உப்பு லாரி, முன்னால் பஸ், பஸ்ஸை முந்த ஆக்சிலேட்டரை முறுக்கினால் இஞ்சின் அலறுகிறது, வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் காதுக்குள்ளேயே வந்துவிட்டான். செம்பைக் கீழே வைக்காமலே சொன்னான். இருபத்தி ரெண்டு வருஷமாக அதே மேம்பாலத்தில் அதே உப்பளத்து ஆபீசுக்குப் போகிறவன், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில் கொண்டு போனவன், இவன் கத்தாரிலிருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன். அப்போது சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் கதவு மாதிரித் திறந்து கிடந்தது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், ஆயிலால் எப்படி, உலகத்திலேயே உசத்தியான ஆயில் அல்லவா, என்று நினைத்தான். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தான். அப்படியென்றால் அதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டியதுதானே. சாப்பாட்டில் எஸ்தர் குழம்பு ஊற்றும்போது, யாரும் கேட்காமல், இவனே ஆரம்பித்தான்: இந்த மெக்கானிக்குகள் காலி டப்பாவைத் தூக்கிப் போட மாட்டார்கள், அதில் பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றி மூடியை ஒட்டி மறுபடி விற்பார்கள், நெட்டில் எல்லாம் வந்திருக்கிறது, அதனால் காலி டப்பாவை ஓட்டை போட்டுத்தான் எறிய வேண்டும். ஜெபதுரை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "அவன் ஷெட்டுக்குப் பின்னால ஒரு சாக்கு நெறய காலி டப்பா கெடக்குண்ணே. நானே பாத்திருக்கேன்." இவன் தலையை ஆட்டினான். மெதுவாக, தெரிந்தவன் ஆட்டுவதுபோல. ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தம்பி இவன் சொன்னதை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான், அது எவ்வளவு நன்றாக இருந்தது. அந்தச் சாக்கு எதற்கு என்று இவனுக்குத் தெரியும். சுடலைமுத்துவின் பெண்டாட்டி வீட்டில் பினாயில் காய்ச்சி அந்த டப்பாக்களில் அடைத்துத் தெருத் தெருவாக விற்கிறாள். இவன் வீட்டு பாத்ரூம் மூலையிலேயே ஒன்று நிற்கிறது, சிவப்பு டப்பா, ஆயில் பெயருக்கு மேல் ஒட்டிய தாளில் கோணல் எழுத்தில் பினாயில் என்று. இன்று காலையில்கூடப் பார்த்தான். பார்த்துக்கொண்டே பல் தேய்த்தான்.

"என்ன அண்ணாச்சி, சொடல கேஸா?" கடைக்காரர் இப்போது எழுந்து வந்து கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "பத்து வருஷமா எங்கிட்டதான் வாங்குதான். நல்ல பயதான். ஆனா இப்பம் ஆளாளுக்குச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. நேத்து ரெண்டு பேரு அவங்கிட்ட விட்ட வண்டிய பாதியிலயே தள்ளிட்டுப் போயிட்டாவ." சொல்லிவிட்டு ஒரு பச்சை டப்பாவை எடுத்துத் தங்க நிற டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார், பின்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தை நகத்தால் தட்டினார், இந்த எழுத்து இருந்தால் பைக்குக்கு, இல்லாவிட்டால் காருக்கு, ஆயில் கனம் இருபது டபிள்யூ நாற்பது, உங்க தம்பி வண்டிக்கு இதுதான், என்றார். எவ்வளவு சின்ன எழுத்து. அரிசி அளவுகூட இல்லை. இப்போது இரண்டு டப்பா. பச்சையை எடுத்தால் வண்டி பிடிக்கும், சுடலைமுத்து ஷெட்டைப் பூட்டுவான். தங்கத்தை எடுத்தால் வண்டி வழுக்கும், சுடலைமுத்து தப்பிப்பான், திங்கட்கிழமை ஜெபதுரை மேம்பாலம் ஏறுவான், பின்னால் உப்பு லாரி. அய்யோ, அது ஆகாது. தம்பி உயிர் அல்லவா. ஆக, பச்சை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எந்த அண்ணனும் பச்சையைத்தான் எடுப்பான், மனசாட்சி உள்ளவன் பச்சையைத்தான் எடுப்பான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது டப்பா இல்லை, ஒரு வாக்கியம், ஒத்திகை பார்த்த அதே வாக்கியம்: நான்தான் ஆயில் மாத்தினேன். ஓர் எழுத்து மாற்ற வேண்டியதில்லை. நடந்து போய் ஏழெட்டுப் பேர் முன்னால் சொல்ல வேண்டியதுதான். ஜெபதுரையின் முகம் முதலில் கோணும், பிறகு அந்தச் சிரிப்பு வரும், மோட்டாரக் கருக்குனான், இப்பம் என்னக் கருக்கப் பாத்தான், என்று கிறிஸ்மஸ் வரை, அடுத்த கிறிஸ்மஸ் வரை, இவன் சாகும் வரை. அது வெறும் சிரிப்புத்தானே. தராசில் ஒரு பக்கம் ஒருத்தன் ஷெட், மறுபக்கம் ஒரு சிரிப்பு. எடை போட்டால் எது கனம் என்று எல்லாருக்கும் தெரியும். ஞானதுரைக்கும் தெரியும். கத்தாரில் தில் பகதூர் என்று ஒரு நேப்பாளி ஹெல்பர் இருந்தான். சில்லர் பிளாண்டில் ஒரு வால்வை மூடிவிட்டதாக இவன் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான், மூடவில்லை, பம்ப் போயிற்று. ரிப்போர்ட்டை இவன்தான் எழுதினான், அழகான இங்கிலீஷில். இங்கிலீஷில் செய்தவனே இல்லாமல் செயலை எழுதிவிடலாம், வால்வு திறந்திருந்தது காணப்பட்டது, உரிய கவனம் செலுத்தப்படவில்லை. கடைசி வரியில் மட்டும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. தில் பகதூர் வேலை போய் ஊருக்குக் கிளம்பும்போது வந்து கையைப் பிடித்து, சார் நீங்க எனக்காகப் பேசினீங்கன்னு சொன்னாங்க, ரொம்ப நன்றி, என்றான். யார் சொன்னார்களோ. இவன் மறுக்கவில்லை. அந்தக் கை சொரசொரவென்று இருந்தது இப்போது உள்ளங்கையில் மறுபடி வந்தது. கவுண்டரின் விளிம்பில் தேய்த்தான். எட்டுக் கடைக்கு அப்பால் ஷெட்டின் வாசலில் சுடலைமுத்து குந்தியிருப்பது தெரிந்தது, தலையைத் தாழ்த்தி, தட்டைப் பார்த்துக்கொண்டு. அவன் விரலை விட்டுப் பார்த்திருப்பான். தன் ஆயில் இல்லை என்று தெரிந்திருக்கும். தெரியாமலும் இருக்கலாம், ஆயில் ஆயில்தானே. தெரிந்தால் அவனே சொல்லட்டும், தெரிந்தவன்தானே சொல்ல வேண்டும், அவனுக்கு வாய் இல்லையா. அவன் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆமாம். அவன் நேராகக் கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். இந்தத் தீர்மானம் வந்ததும் மூச்சு சீரானது, எதையோ கொடுத்து முடித்தவன்போல் ஆனான். "பச்சயக் குடுங்க" என்றான்.

ஷெட்டில் கூட்டம் பத்துப் பேருக்கு மேல் ஆகியிருந்தது. ஞானதுரை டப்பாவைத் தம்பியிடம் கொடுத்தான், தம்பி அதை எல்லாருக்கும் காட்டி மூடி உடையாமல் இருப்பதைத் தடவச் சொன்னான். சுடலைமுத்து எழுந்திருக்கவில்லை. தட்டில் கிடந்த ஆயிலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டினான், மோந்தான், மறுபடி உருட்டினான். "இது தண்ணியால்லா இருக்கு," என்றான், தனக்கே சொல்வதுபோல. பிறகு உரக்க, முகம் வெளுத்து, "இது நான் ஊத்துன ஆயிலே இல்ல அண்ணாச்சி!"  ஜெபதுரைதான் ஆரம்பித்தான். "அதத்தானல நாங்களும் சொல்லுதோம்! ஊத்துனது ஆயிலே இல்லன்னு!" டீ டம்ளர்கள் குலுங்கின. ஒருத்தர் புரையேறிச் சிரித்தார். சுடலைமுத்து அந்தச் சிரிப்புக்கு நடுவில், அப்படி இல்ல, அப்படிச் சொல்லல, என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை வாயை மூடிக்கொண்டான். போல்ட்டை முறுக்கினான். பச்சை டப்பாவைத் திறந்து, புனல் வைத்து, ஒரு சொட்டு வெளியே போகாமல் ஊற்றினான். தன் கழுத்துக்குத் தானே கயிறு அளப்பவனுக்குக்கூட அப்படிக் கை நிற்காது. ஜெபதுரை ஏறிக் கிளம்பினான். மேம்பாலம்வரை போய்த் திரும்பி வர எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷமும் ஞானதுரை ஷெட்டுத் தூணில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தான், ராகுகாலம், எமகண்டம், தனக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றையும். வழுக்கக் கூடாதா, இந்த ஒரு தடவை, என்று நினைத்தான். நினைத்ததும் உப்பு லாரி கண்ணுக்குள் வந்தது. வழுக்கக் கூடாது என்று மாற்றி நினைத்தான். தூரத்திலேயே சத்தம் தெரிந்துவிட்டது. இழுவை இருக்கிற வண்டியின் சத்தம், இறுக்கமாக, கோபமாக.

"பறக்குது," என்றான் ஜெபதுரை, இறங்காமலே. "புது வண்டி மாதிரி பறக்குது. எங்க அண்ணன் கைராசி!" தோளில் தட்டினான். ஏழு மாதத்தில் முதல் தட்டு. அது சந்தோஷம் மாதிரியே இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "பெறவு என்னவே சொடல, ஷெட்டுச் சாவிய எப்பம் கட்டடத்துக்காரங்கிட்ட குடுக்கீரு?" என்று கேட்டார். சுடலைமுத்து புனலை எடுத்து ஆணியில் மாட்டினான். ஆயில் பட்ட விரலை இன்னும் துடைக்கவில்லை, அதை மட்டும் மற்ற விரல்களிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருந்தான். நேராக ஞானதுரையைப் பார்த்தான். பார்வையில் கோபம் இல்லை. சாதாரணமாக, ஒரு வாடிக்கைக்காரனிடம் கேட்பதுபோலக் கேட்டான்: "அண்ணாச்சி, ஒங்க காருக்கு என்ன ஆயில் ஊத்துறீங்க?"

கேட்டுவிட்டான். நேராகவே கேட்டுவிட்டான். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது, ஒத்திகை பார்த்த வாக்கியம், ஓர் எழுத்து மாறாமல். ஜெபதுரையின் கை இன்னும் தோளில் இருந்தது. கனமாக, சூடாக, என் அண்ணன் என்கிற உரிமையோடு. "கம்பெனி சர்வீஸ்ல ஊத்துவாங்க," என்றான் ஞானதுரை. "எனக்கு அதெல்லாம் தெரியாது." சுடலைமுத்து தலையை ஆட்டினான். மெதுவாக, தெரிந்தவன் ஆட்டுவதுபோல.  "டப்பாவ வுட்றாதீங்க, ஓட்ட போடுங்க," என்று யாரோ சொன்னார்கள், ஜெபதுரையும், "ஆமாண்ணே, நீதான சொன்ன, நீயே போடு," என்றான். ஸ்குரூ டிரைவருக்காக இவன் சுற்றிப் பார்ப்பதற்குள் சுடலைமுத்துவே பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தான், நல்லதாகப் பார்த்து, கூர் உள்ளதாக, துணியில் துடைத்து, பிடிப்பக்கம் இவன் கைக்கு வருமாறு திருப்பி நீட்டினான். ஞானதுரை பச்சை டப்பாவை முழங்காலில் வைத்துக் குத்தினான். பிளாஸ்டிக் உள்ளே நெளிந்து, பொட்டென்று விட்டது. அடியில் தங்கியிருந்த கொஞ்சம் ஆயில், சரியான ஆயில், நூல் மாதிரி இறங்கி அவன் மணிக்கட்டில் வழிந்தது.

"இன்னொண்ணும் போட்டுருங்க அண்ணாச்சி," என்றான் சுடலைமுத்து. "ஒரு ஓட்டன்னா மெழுகு வச்சி அடச்சிருவோம்."

ஞானதுரை டப்பாவைத் திருப்பிப் பிடித்து இன்னொன்றும் போட்டான்.